மாப்பிள்ளையின் முன்பல்

— வாயை மூடிக்கோங்க சார். இன்னைக்கு நான் உங்க ஈறுல கை வைக்கப் போறதில்லை.

— ஏன் டாக்டர்? அத்தை விடியறதுக்கு முன்னாடியே கிளப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்களே.

— நேத்திலிருந்து கிட்னி மாத்திரையை நிறுத்திட்டேன்னு இப்பத்தானே சொன்னீங்க?

— அது உடம்போட எதிர்ப்பு சக்தியை அமுக்கி வைக்கிற மாத்திரைதானே. ரெண்டு நாள் விட்டா ஈறு சீக்கிரம் ஆறும், பல்லும் நல்லாப் பிடிச்சுக்கும்னு நானா ஒரு கணக்குப் போட்டேன்.

— கணக்குப் போட்டாராம், கணக்கு. மாப்பிள்ளை, மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் யார்கிட்டயாவது வாங்கி வைக்கணுமா?

— அத்தை, டாக்டர் முன்னாடி...

— முன்னாடி என்ன, பின்னாடி என்ன.

— அம்மா, கொஞ்சம் பொறுங்க. சார், அந்த மாத்திரை இல்லைன்னா உங்க உடம்பு மாத்தி வச்ச அந்தக் கிட்னியை வேத்தாளுன்னு நினைச்சு எதிர்க்க ஆரம்பிச்சிடும். ஈறு மெதுவா ஆறினா காத்திருக்கலாம். கிட்னி போனா?

— அப்போ எனக்குப் பல்லு கிடையாதா? கழட்டி மாட்டுற செட்டு வேண்டாம் டாக்டர். போன கச்சேரியில ட்ரம்பெட்டை வாயில வச்சு ஒரு ஊது ஊதினேன், பல்லு தெறிச்சுப் போய் டிரம்ஸ்காரன் மடியில விழுந்துச்சு. அன்னையிலிருந்து பேண்டுல எனக்கு நாற்காலி அடுக்குற வேலைதான்.

— கிடையாதுன்னு நான் எங்க சொன்னேன்? இதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டே எலும்புல பல்லு வச்சுக்கிட்டவங்க என்கிட்டயே வர்றாங்க. இருங்க, உங்க கிட்னி டாக்டருக்குப் போன் போட்டுட்டு வர்றேன்.

— போங்க டாக்டர். இவர் தப்பிச்சு ஓடாம நான் பார்த்துக்கறேன்.

— அத்தை, கோபமா?

— பேசாதீங்க. தண்ணியைக் குடிங்க.

— உங்க கிட்னி டாக்டர்கிட்ட பேசிட்டேன் சார்.

— என்ன சொன்னார் டாக்டர்?

— முதல்ல திட்டினார். அப்புறம், வழக்கமான அளவை இப்பவே போடச் சொன்னார். விட்டதையும் சேர்த்துப் போட்டுடாதீங்க. இன்னைக்கே டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கணும். அதுல எல்லாம் சரியா இருந்தா அடுத்த மாசம் பல்லு வைக்கலாம்.

— ஊதலாமா?

— எலும்பு பிடிச்சதும் தாராளமா ஊதலாம். ஆனா வேளை தவறாம மாத்திரை கொடுக்க வீட்ல ஒருத்தர் பொறுப்பா இருக்கணும். உங்களை நம்பி விட முடியாது. அம்மா, அடுத்த தடவை உங்க பொண்ணை வரச் சொல்லுங்க.

— அது வந்து டாக்டர்...

— நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை, நான் சொல்றேன். அவ வர மாட்டா டாக்டர். இவர் படுக்கையில விழுந்ததுமே விட்டுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம்தான் நான் என் கிட்னியைக் கொடுத்தேன். சொல்லுங்க, மாத்திரையை எப்போ எப்போ கொடுக்கணும்?