பன்னிரண்டாம் அறையில் நான்கு பேர்

எனக்குப் பட்டாசுச் சத்தம் ஆகாது, சார். தீபாவளியன்று விருதுநகர் வீட்டில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்வேன். எம். புதுப்பட்டி சாலையில் இருந்த அந்தப் பட்டாசு ஆலையில் சேர்ந்ததும் வெடிமருந்தைத் தொடுவதற்கு அல்ல. அவர்களுடைய இணையப் பக்கத்தை எழுதுவதற்கு.

ஒவ்வோர் அறை வாசலிலும் கைரேகை மெஷின் இருந்தது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் விரல் வைக்க வேண்டும். எந்த அறையில் எத்தனை பேர் என்ற எண் சர்வருக்குப் போய்விடும். யாராவது பக்கத்தைத் திறந்தால், சர்வர் அந்த எண்ணை ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலுக்குள் எழுதி அனுப்பும். அறைக்கு ஒரு கட்டம் போட்டு அதில் எண்ணைக் காட்டுவது, பார்ப்பவரின் போனில் ஓடும் அந்த ஸ்கிரிப்டின் வேலை. அறைக்கு நான்கு பேர்தான் அனுமதி. அதுவரை பச்சை. ஐந்தாவது ஆள் நுழைந்தால் சிவப்பு.

சீசன் சூடு பிடித்ததும் பாதிக் கட்டங்கள் சிவந்தன. முதலாளி காசிராஜன் என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே கதிரவா, ஆபீசருக பாக்குற பக்கம்லே இது. செவப்பு வரக் கூடாது.”

“கணக்கையே மாத்தச் சொல்றீகளா அண்ணாச்சி?”

“கணக்க எதுக்குலே மாத்தணும்? கூலி போட அது வேணும். காட்டுறத மட்டும் மாத்து.”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. சர்வரைத் தொடவில்லை. பக்கத்துக்குப் போன எண் கடைசிவரை உண்மையான எண்தான். ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். எண் நான்கைத் தாண்டினால் நான்கு என்று காட்டும்.

இரண்டு வாரத்தில் மனம் கேட்காமல், அதை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. “எடுலே. ஏன் போட்டன்னு கேட்டா நீதான் பதில் சொல்லணும்” என்றார். ஒவ்வொரு மாற்றமும் செய்தவன் பெயரோடு பதிவாகும். அங்கே என் பெயர் மட்டும்தான் இருந்தது. வேலையை விட்டாலும் அது அங்கேயே இருக்கும். வரியை எடுத்தாலும் எடுத்தவன் பெயர் பதிவாகும். அதனால் தினமும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த நாட்களில்தான் பன்னிரண்டாம் அறையில் வேலை பார்த்த பாண்டிமீனா அக்கா அலுவலகத்துக்கு வந்தார். மருந்து அரித்து விரல் நுனி வழவழப்பாகியிருந்தது.

“என் ரேகைய மெசினு எடுக்க மாட்டேங்கு தம்பி. நான் வந்ததே தெரியாமப் போயிருமோ?”

இடது கை மோதிர விரலைப் பதிந்து கொடுத்தேன். “இனி மெசினு உங்கள விடாது அக்கா” என்றேன். விடவும் இல்லை.

பன்னிரண்டாம் அறை வெடித்தபோது காலை பதினொன்றே முக்கால். கூரை உள்ளே விழுந்து பின்சுவர் சாய்ந்துவிட்டது. தீயணைப்பு வண்டி வந்தது. அரை மணி நேரத்தில் நான்கு பேரை வெளியே எடுத்தார்கள். இரண்டு பேருக்கு உயிர் இருந்தது. எண்ணிக்கை சரியாகிவிட்டதால் தண்ணீர்க் குழாயைப் பக்கத்து அறைக்குத் திருப்பினார்கள். அங்கே சரக்கு இருந்தது. அவர்கள் செய்தது சரிதான்.

இரண்டு மணிக்குப் பாண்டிமீனா அக்காவின் கணவர் மணிமுத்து சாத்தூரிலிருந்து ஓடி வந்தார். “எம் பொண்டாட்டி எங்க இருக்கா? ஆசுபத்திரியில இல்லங்காக” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பிறகுதான் சாய்ந்த சுவருக்கு அடியில் தோண்டினார்கள். இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அக்காவின் உடம்பில் ஒரு தீக்காயம் கூட இல்லை. மூச்சு முட்டித்தான் இறந்துபோயிருக்கிறார், ஒரு மணி நேரமாவது உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

நீங்கள் கேட்பதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். நான்காவது ஆளைத் தூக்கி வந்தபோது நான் ஆலை வாசலில்தான் நின்றேன். மடிக்கணினியில் சர்வரைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டாம் அறையில் ஏழு பெயர்கள் இருந்தன. பாண்டிமீனா ஆறாவது. அப்போது தீயணைப்பு அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, பன்னெண்டாம் ரூமுல எத்தன பேரு காட்டுது?”

“நாலு, சார்.”

எத்தனை காட்டுகிறது என்றுதான் அவர் கேட்டார். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.