எல்லாமே இடது கால்

இந்த மின்விசிறி சத்தமே போடாமல் சுற்றுகிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. போலீஸ் ஸ்டேஷனில் இப்படி ஓர் அமைதி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நாற்காலியும் முதுகுக்கு இதமாக இருக்கிறது. நான் நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பால்காரரை மட்டும் முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் எதையும் திருடவில்லை. எங்கள் தெருவில் செருப்புகளை எடுத்தது நான்தான்.

உங்கள் கணவர் இன்னும் வேலைக்குப் போகிறாரா? அப்படியென்றால் நான் சொல்வது உங்களுக்கு முழுதாகப் புரியாது. என் கணவர் பிஸ்கட் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கடிகாரம் கொடுத்து, கைதட்டி அனுப்பிவைத்தார்கள். மறுநாள் காலையில் அவர் என் சமையலறைக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அத்தனை பேரை மேய்த்தவருக்கு இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

"வெங்காயத்த ஏன் இப்படி நறுக்குற? ஒவ்வொண்ணும் ஒரு சைஸ்ல இருக்கு பாரு," என்றார்.

"வயித்துக்குள்ள போய் யாரும் அளந்து பாக்கப் போறதில்ல," என்றேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உப்பு டப்பாவில் 'உப்பு' என்று எழுதிச் சீட்டு ஒட்டினார். பிறகு சர்க்கரை, மிளகாய்த்தூள் என்று ஒன்றையும் விடவில்லை. குளியலறை வாளியில்கூட 'வாளி' என்று ஒட்டியிருந்தது. குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம், எனக்குக் காது கேட்காததுபோல, விரலைத் தூக்கிக் காட்டுவார். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடம் வரும் நேரமும் போகும் நேரமும் கேட்கத் தொடங்கினார். அவள் நின்றுவிட்டாள். கொடுத்துவைத்தவள்.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பல் டாக்டரின் இடது கால் செருப்பு காணாமல் போனது. அதைக் கவ்விக்கொண்டு போனது தெருநாய். ஆனால் அப்போது அது யாருக்கும் தெரியாது. என் கணவர் துள்ளி எழுந்து, விசாரிக்கிறேன் என்று வீடு வீடாகப் போனார். மத்தியானம் வரை திரும்பவில்லை. நான் கூடத்தில் சும்மா உட்கார்ந்தேன். எங்கள் சுவர்க்கடிகாரம் டிக் டிக்கென்று சத்தம் போடும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அம்மா. சந்தோஷ அழுகைதான்.

சாயங்காலம் அந்தச் செருப்பு, நாய்ப்பல் பதிந்த தடத்தோடு, எங்கள் கொல்லைச் சுவரோரம் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் விசாரணை முடிந்துவிடும், அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் எடுத்து ஒளித்து வைத்தேன். மறுநாள் பாட்டு டீச்சர் வாசலில் கிடந்த ஜோடியிலிருந்து ஒன்றை நானே எடுத்தேன். அதுவும் இடது கால்தான். திருடி என்றால் ஜோடியாக எடுப்பாள். நான் அந்த ரகம் இல்லை.

எங்கே ஒளித்தேன் என்று கேட்பீர்கள். வீட்டில் அவர் துருவாத மூலை கிடையாது, ஒன்றைத் தவிர. பழுதான வாஷிங் மெஷினைத் தானே சரிசெய்வதாக எப்போதோ சொன்னார். அன்றிலிருந்து அதன் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அதற்குள்தான் போட்டேன்.

செருப்புகள் ஒவ்வொன்றாகப் போகப் போக, தெரு நடுங்கிவிட்டது. காவல் குழு என்று ஒன்று ஆரம்பித்து, என் கணவரைத் தலைவர் ஆக்கினார்கள். தொப்பி, விசில், டார்ச் எல்லாம் கிடைத்தன. சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். தொப்பை இறங்கியது, முகத்தில் ஒரு களை வந்தது. நான் வெங்காயத்தை என் இஷ்டத்துக்கு நறுக்கினேன்.

தெருவில் சிலருக்குச் சிரமம்தான். பயத்தில் பாட்டு கிளாசுக்குப் பிள்ளைகள் வரவில்லை. பல் டாக்டர் கதவில் பூட்டுக்குமேல் பூட்டாகப் போட்டு, ஒருநாள் தன் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அப்படி வருத்தம் வரும்போதெல்லாம் கூடத்தில் போய் உட்காருவேன், சரியாகிவிடும்.

போன வாரம் பல் டாக்டர் குழுவில் பேச்செடுத்தார். "இது நாயோட வேலைதான் சார். குழுவக் கலச்சிடலாம்." அன்றைக்கு என் கணவர் சமையலறைக்கு வந்து, பழையபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வெங்காயத்தையே பார்த்தார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்கு மறுநாள்தான் பெயிண்டர் வீட்டு ஏணி காணாமல் போனது. ஏணியை நாய் தூக்காது. குழுவுக்குத் திரும்ப உயிர் வந்துவிட்டது. பால்காரர் ஏணியை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று என் கணவரே உங்களிடம் சொன்னார், நீங்களும் நேற்று அவரைக் கூட்டிவந்தீர்கள். நான் உடனே வந்திருக்க வேண்டும். மறைப்பானேன், என் கணவர் சாட்சி சொல்ல நாள் முழுக்க இங்கேயே இருந்தார். வீடு அவ்வளவு நன்றாக இருந்தது.

இன்று காலை பால்காரரின் மனைவி என் வாசலில் வந்து நின்றாள். "உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எங்க வீட்டுக்காரரு அடுத்தவங்க பொருளத் தொடமாட்டாரும்மா," என்று அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பாலில்லாத காபியும் இறங்கவில்லை.

ஆதாரமாகக் காட்டச் செருப்புகளை எடுக்கலாம் என்று மெஷினைத் திறந்தேன். நான் கண்டபடி போட்டவை அளவுவாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சீட்டு. 'பல் டாக்டர், இடது.' 'பாட்டு டீச்சர், இடது.' கையெழுத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் தெரிந்துகொண்டேதான் அந்த மனிதர் விசில் ஊதிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியிருக்கிறார். அவருக்கும் வீட்டைவிட்டுத் தப்பிக்க வேண்டியிருந்திருக்கிறது. என்னிடமிருந்து. அதுதான் எனக்கு வலித்தது, அம்மா. நான் அவரை என்ன செய்துவிட்டேன்? சத்தமாக மூச்சு விடுகிறீர்கள் என்று அவ்வப்போது சொல்வேன். மெல்லும்போது வாயை மூடச் சொல்வேன். உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தீர்கள் என்றும், நின்றால் ஏன் நிற்கிறீர்கள் என்றும் கேட்பேன். மற்றபடி அவரை நான் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

ஏணியைப் பற்றிக் கேட்கிறீர்கள். இந்தக் கை ஏணி தூக்குமா என்று பார்க்கிறீர்கள். போன வாரம் அவருக்குத் தோள்வலி வந்தது, நான்தான் தைலம் தேய்த்தேன், அதை வைத்து எதுவும் நினைக்க வேண்டாம். ஏணி எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. 'ஏணி' என்று சீட்டு ஒட்டியிருக்கும், கண்டுபிடிப்பது சுலபம். அதையும் நான்தான் எடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் தலைவராகவே இருக்கட்டும், பாவம். எல்லாம் அவர்மேல் உள்ள பாசத்தில் சொல்கிறேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? பெண்கள் லாக்கப்பில் இப்போது வேறு யாரும் இல்லையே? நல்லது. என்னைப் பார்க்க அவர் வந்தால், விசாரணை இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.