ஆடுற கல்லுக்குக் கொஞ்சம் கலவை

கிறுக்குமணி... கேக்குதாய்யா? மைக்கு முன்னாடி நிக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்காதே.

நீங்க சிரிக்கிறீங்களா? சிரிங்க. ஊருக்கு அவரு சிற்பி மாசிலாமணி. வீட்டுக்குள்ள கிறுக்குமணி. கல்லைத் தட்டித் தட்டிக் காது வச்சுக் கேட்டுட்டு, "பச்சை, இதுக்குள்ள ஒரு ஆளு சிரிக்கிறான்"னு சொல்ற மனுசனை வேற எப்படிக் கூப்பிடறது? அவரு போய்ச் சேர்ந்து மூணு மாசமாச்சு. பெற்றோர் கூட்டத்துல நாலு வார்த்தை பேசுங்கன்னு ஹெட்மிஸ்டரஸ் அம்மா கேட்டாங்க. நான் அஞ்சாங்கிளாஸ். புத்தி சொல்ல வராது. நம்ம கிரவுண்டுல நிக்குதே குண்டுக் கல்லு... அதோட கதையைச் சொல்றேன். சின்னதுதான், உங்க டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும்.

அந்தக் கல்லு இடுப்பு உசரம். அடியில கெட்டிக் கருங்கல், பூசணிக்காய் மாதிரி உருண்டை. மேலே மாக்கல்லுல ஒரு தொந்திக்காரர். அவரை உள்ளே குடைஞ்சு குடைஞ்சு வெறும் ஓடா ஆக்கிட்டாரு. "எடை முழுக்கக் கீழே குடியிருக்கு பச்சை. எப்படித் தள்ளினாலும் எழுந்திரிச்சுடும்"னாரு. தஞ்சாவூர் பொம்மைதான்... ஆனா முந்நூறு கிலோ! தொந்தி மேல "விழா"ன்னு எழுத்து வெட்டினாரு. தொந்திக்கு என்னய்யா விழான்னு கேட்டேன். "விழான்னா திருவிழா. பழைய தமிழ்ல விழாதுன்னும் அர்த்தம். தமிழ் ஒரு பக்கம், சயின்ஸ் ஒரு பக்கம், நடுவுல தொந்தி." எப்படி இருக்கு பாருங்க! நான் படிச்ச அஞ்சு வகுப்புல இது எதுவும் வரலை.

இது ஏழு வருஷத்துக்கு முன்னாடி. மறுநாள் திறப்பு. அன்னைக்கு மத்தியானம் அவரு கல்லை மூடறதுக்குத் துணி வாங்கப் போயிட்டாரு. நான் காவல். ஒரு ஆடு வந்துச்சு. கல்லு மேல முதுகைத் தேய்ச்சுது. கல்லு சாஞ்சுது பாருங்க... ஆடு ஓடியே போச்சு! கல்லு எழுந்து நின்னு தலையை ஆட்டுது. ஆட்டுக்கு நாலு காலு, தப்பிச்சுடுச்சு. நம்ம புள்ளைங்களுக்கு ரெண்டுதானே?

மேடை கட்டின கொளஞ்சி மேஸ்திரி, சட்டியில மிச்சச் சிமெண்டுக் கலவையை வச்சுட்டுச் சாப்பிடப் போயிருந்தாரு. பதினெட்டு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவ நான். ஆடுறதைப் பார்த்தா என் கை சும்மா இருக்குமா? சுத்திலும் ஜல்லி சொருகி, கலவையைத் திணிச்சு, கட்டைவிரலாலேயே வழிச்சு விட்டுட்டேன். அசையலை! அவரு துணியோட வந்தாரு. நானே வாங்கி மூடிட்டு, "திறக்கிற வரைக்கும் தொடாதே, கண்ணு பட்டுடும்"னேன்.

மறுநாள் கல்வி அதிகாரி வந்தாரு. நம்ம ஆளு புது வேட்டி. "ஒன்பது மாச உழைப்புங்க. யாரு தள்ளினாலும் சாயும், சாஞ்சு எழுந்திரிக்கும்"னு பேசினாரு. அதிகாரி தள்ளினாரு... கல்லு அப்படியே இருக்கு. பி.டி. மாஸ்டர் வந்து தள்ளினாரு... அவரு முகம்தான் சிவந்துச்சு. பின்னால இருந்து ஒரு பொண்ணு கத்துது: "சார், எங்க வீட்டு ஆட்டுக்கல்லும் விழாது சார்!"

பள்ளிக்கூடமே சிரிக்குது. அதிகாரி தன்மையாத்தான் கேட்டாரு: "சிற்பி ஐயா, சிலை பிரமாதம். இதுல சயின்ஸ் எங்க இருக்கு?"

ஒன்பது மாசம்ங்க... நம்ம ஆளு மண்டி போட்டுக் குனிஞ்சாரு. கலவையைத் தடவிப் பார்த்தாரு. அந்தக் கட்டைவிரல் இழுப்பையே ரொம்ப நேரம் பார்த்தாரு. "யாரு வேலை இது?"

எல்லாரும் கொளஞ்சி மேஸ்திரியைப் பார்த்தாங்க. "ஐயோ, என் தாயி மேல சத்தியமா நான் இல்லைங்க! நானா இருந்தா விரலாலயா வழிப்பேன், கரணை போட்டுல்ல பூசியிருப்பேன்!"

நான் என்ன செஞ்சேன்? பக்கத்துல ஒரு அம்மா குழந்தையை வச்சிருந்தாங்க. அதுக்கு மூக்கைத் துடைச்சு விட்டேன்.

கொளஞ்சி அண்ணே, உக்காருங்க, இன்னும் முடிக்கலை. ஏழு வருஷமா உங்களை ஊரே சிமெண்டு கொளஞ்சின்னு கூப்பிடுது. நானும் கூப்பிட்டிருக்கேன். அது நான்தான் அண்ணே. மன்னிச்சுக்குங்க.

அப்புறம் அவரு உளி எடுத்தாரு. அத்தனை பேரு முன்னாடி உக்காந்து கொத்தினாரு. ஒவ்வொரு அடிக்கும் புள்ளைங்க கூட்டமா எண்ணுதுங்க. எனக்கு ஒவ்வொண்ணும் மண்டையில விழுது. கடைசி ஜல்லியை உருவிட்டு எழுந்தாரு. அதிகாரி கையை நீட்டினாரு. இவரு தடுத்துட்டு, என் பக்கம் திரும்பி, "பச்சை, நீ வா. நீ தள்ளு"ன்னாரு.

"நான் மாட்டேன்."

"சும்மா தள்ளு. செங்கல் சுமந்த கைதானே?"

கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளினேன். சாஞ்சுது... சாஞ்சுது... தரையைத் தொட்டுடும் போல இருந்துச்சு. போச்சுன்னு திரும்பி ஓடப் பார்த்தேன். எழுந்து வந்து என் இடுப்புல ஒரு இடி! மணல்ல உக்காந்துட்டேன். தொந்திக்காரரு தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறாரு. நம்ம ஆளு சிரிச்சுச் சிரிச்சு இருமிட்டாரு. ஏழு வருஷமாச்சு, அந்தக் கல்லு ஒரு புள்ளை காலைக்கூட மிதிக்கலை.

எதுக்குச் சொல்றேன்? உங்க பொண்ணு ஓட்டப்பந்தயம்னு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். பையன் படம் வரையறேன்னு இந்தப் பக்கம் சாய்வான். உடனே சட்டியைத் தூக்கிட்டு ஓடாதீங்க தாயி. அடியில கனம் இருக்கா, அதைப் பாருங்க. இருந்தா எழுந்திரிச்சுடும். பயத்துல நாம பூசற கலவைதான் அதை எழுந்திரிக்க விடாது.

என்னையும்தான் சொல்றேன். மூணு மாசமா ஆளாளுக்குத் தாங்கிப் பிடிக்கிறீங்க. "அழாதே பச்சை, அவரு பட்டறைப் பக்கம் போகாதே." போறேங்க. கொஞ்சம் சாயறேன், விடுங்க.

யோவ் கிறுக்குமணி... நீயும் கேக்கலை, நானும் சொல்லலை. அன்னைக்கு அதிகாரியையே நிறுத்தி வச்சுட்டு, அத்தனை கூட்டத்துல என்னைக் கூப்பிட்டியே... அது என் கட்டைவிரல்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டியாய்யா?