அம்பு காட்டிய திசை

காபிக் கோப்பையை அதன் தட்டின் மேலேயே வையுங்கள். மேசையில் ஈர வட்டம் விழுந்தால், அதைத் துடைக்காமல் என்னால் கோவையாகப் பேச முடியாது; தொழிற்பாதுகாப்பு ஆய்வாளராகிய நீங்களும் கோவையான பதிலைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள்.

என் பெயர் குன்வோர். சுவீடனின் ஸ்மோலாந்துக் காட்டோரத்தில் உள்ள இந்த மரமிதியடித் தொழிற்சாலையில், தூசு உறிஞ்சும் புளோயர் என் பொறுப்பில் இருந்தது. கட்டையை அறுக்கும் மேடை, குடையும் மேடை, தேய்க்கும் மேடை என ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் கிளம்பிக் கூரையடியில் ஒன்றுசேரும். பின்கட்டில் நிற்கும் புளோயர் அத்தனை மரத்தூளையும் இழுத்து, வடிகட்டிப் பைகளுக்குள் தள்ளிவிடும். பெல்ட் தளர்ந்தால் கீச்சிடும். பேரிங்கில் மசகு வற்றினால் முனகும். விசிறிச் சக்கரத்தின் இதழ்களில் தூசு அப்பினால் தரையே நடுங்கும். அது என்ன கேட்டாலும் நான் உடனே கொடுத்தேன். என் காலத்தில் இந்தக் கூடத்தின் உத்தரங்களைக் கைக்குட்டையால் துடைத்து, அதே கைக்குட்டையால் முகத்தையும் துடைத்துக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸோடு நான் ஓய்வுபெறுவதாக இருந்தது. என் இடத்துக்கு ஹால்வாரை எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் வரை அவருக்குச் சோதனைக் காலம். நல்ல மனிதர், ஆள் உயரம், தாடி அடர்த்தி, சிரிப்புச் சத்தம் எல்லாமே சற்று அளவுக்கு மீறியவை. முதல் நாளே என்னிடம் வந்தார்.

"குன்வோர், இனிமே நீங்க நிம்மதியா வீட்டுல உக்காந்து கையுறை பின்னுங்க. இது என்ன ராக்கெட்டா? ஒரு தடவ முடுக்கிவிட்டா தானா ஓடப்போகுது."

சொல்லிவிட்டுத் தம் காபிக் கோப்பையை மோட்டாரின் தலைமேல் வைத்தார். தட்டு இல்லாமல். அந்த வட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. விரும்பினால் போய்ப் பாருங்கள்.

தானாக ஓடும் என்று நம்புகிறவருக்கு ஒரு சிறிய தேர்வு வைப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன், முதன்மைச் சுவிட்சை நிறுத்தினேன். என் சொந்தப் பூட்டைப் போட்டேன். மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் உறுதிசெய்தேன். அதன்பிறகே மோட்டாருக்குப் போகும் மூன்று மின்கம்பிகளில் இரண்டை இடம் மாற்றினேன். பாதுகாப்பு விதி ஒன்றைக்கூட நான் மீறவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பிகள் இடம் மாறினால் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். அப்போது புளோயர் தூசை வெளியே துப்பும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி நடக்காது. அதே பக்கமாகவே இழுக்கும். ஆனால் வேண்டாவெறுப்பாக, பாதிக்கும் குறைவாக இழுக்கும். ஆகவே ஓடுகிற இயந்திரத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். புளோயர் பெட்டியின் மேல், சக்கரம் சுழல வேண்டிய திசையைக் காட்டும் சிவப்பு அம்பு ஒன்று உண்டு. அதை ஒரு முறை பார்த்தாலே போதும், விடை கிடைத்துவிடும். ஆனால் அம்பு ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமுமாக இருந்தது என் கண்ணை உறுத்தியது. முரண்பாடு எனக்கு ஆகாது. அதனால் அம்பைச் சாம்பல் நிறத்தால் மறைத்து, சக்கரம் இப்போது சுழலும் பக்கமாகவே புதிதாக வரைந்தேன். நீங்கள் சுரண்டிக் கண்டுபிடித்தது அந்தப் பழைய அம்பைத்தான். மேல்பூச்சு சமமாக இருந்ததல்லவா?

ஹால்வார் சோம்பேறி இல்லை. பெல்ட்டை மாற்றினார். பைகளை உதறினார். தடுப்புத் தகடுகளை எல்லாம் திறந்து மூடிப் பார்த்தார். அம்பையும் பார்த்தார், பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். கடைசியில் குழாய்களைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு கையுறை வந்தது. குடையும் மேடையில் நிற்கும் ரூனேக்கு ஒரே சந்தோஷம்.

"அட, போன வருஷம் தொலைஞ்சது! குடு, ஜோடி வீட்டுல இருக்கு. ஏம்ப்பா ஹால்வார், உன் மெஷின் மூச்சு விடுதா, பெருமூச்சு விடுதா?"

"நீ கையுறையத் தின்னக் குடுத்தா அது வேற என்ன பண்ணும்? அடுத்து சாக்ஸையும் போடு."

குழாய்களை மாட்டி ஓடவிட்டார்கள். பெருமூச்சுதான்.

அன்று பிற்பகல் ஹால்வார் என் அறை வாசலில் வந்து நின்றார். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

"குன்வோர்..."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. காபி போடப்போறேன், உங்களுக்கும் வேணுமான்னு..."

வேண்டாம் என்றேன். ஓய்வுபெறப் போகிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று தயங்கினாராம், பின்னால் தெரிந்தது. கேட்காதவரிடம் வலியப் போய்ச் சொல்வது அவரை அவமதிப்பதாகும் என்று நானும் தயங்கினேன். இரண்டு பேருமே மரியாதை தெரிந்தவர்கள்.

முதலாளி சிசெலா கூட்டம் போட்டார். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம்.

"தூசு யாருக்காவது தொந்தரவா இருக்கா? மனசு விட்டுச் சொல்லுங்க."

"என் பக்கம் பரவால்ல," என்றார் ரூனே, தும்மிவிட்டு. "தேய்க்கிற மேடைக்காரங்கதான் பாவம்."

"எங்களுக்கு ஒண்ணுமில்லையே," என்றார்கள் தேய்க்கிற மேடைக்காரர்கள், புருவமெல்லாம் வெளுத்திருக்க. "ரூனேக்குத்தான் கஷ்டம்."

ஆகவே யாருக்கும் தொந்தரவு இல்லையென்று ஒருமனதாக முடிவாயிற்று. கலைந்தபின் சிசெலா ஹால்வாரை மட்டும் நிறுத்தி, "கிறிஸ்துமஸுக்குள்ள சரியாகலன்னா நான் வேற ஆள்தான் பாக்கணும்ப்பா. தப்பா நெனச்சுக்காத," என்றார். நான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது.

எல்லாரும் தரையைப் பெருக்கினார்கள். நான் ஒருத்திதான் ஏணி போட்டு மேலே பார்த்தேன். உத்தரத்தில் விரலால் பெயர் எழுதலாம் போலிருந்தது. எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன்.

இனி, கிறிஸ்துமஸுக்கு முன் வரும் லூசியா திருநாள். விடிவதற்கு முன் விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளை அங்கி போட்ட ஒருவர் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடத்தோடு பாடிக்கொண்டு கூடத்துக்குள் வருவார். எங்கள் கிரீடத்தில் எரிவது பேட்டரி விளக்கு அல்ல, நிஜத் தீ. தூசே இல்லாத கூடம் என்பதால் அந்த அனுமதியை நான்தான் வாதாடி வாங்கியிருந்தேன். கிரீடம் யாருக்கு என்று தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுப்போம். இந்த முறை ஹால்வார் பெயர் வந்தது. சீட்டுகளை எழுதியது நான்தான். எல்லாச் சீட்டிலும் அதே பெயரா என்று கேட்கிறீர்கள். ஆமாம். வேறு பெயர்களை எழுத நேரமில்லை.

அங்கி அவருக்கு முழங்கால் வரைதான் எட்டியது. ரூனே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தேவதைக்குத் தாடி இருக்கும்னு யாரும் சொல்லலையே!"

"பொறாமப்படாத, ரூனே. அழகு எல்லாருக்கும் வாய்க்காது."

மெழுகுவர்த்திகளை நான்தான் ஏற்றினேன். "நன்றி, குன்வோர்," என்றார்.

பாட்டின் இரண்டாம் அடியில் எல்லாரும் மரமிதியடியால் தரையைத் தட்டித் தாளம் போடுவது எங்கள் தொழிற்சாலையின் வழக்கம். தட்டினோம். உத்தரங்கள் அதிர்ந்தன. மென்பனி போலத் தூசு இறங்கிற்று. கிரீடத்தைத் தொட்ட இடத்தில் மஞ்சளாக ஒரு பெரிய நெருப்புப் பூ விரிந்து மூடிற்று. பார்க்க அழகாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஹால்வாரின் தாடியும் புருவங்களும் போய்விட்டன. கிரீடத்தைப் பிடுங்கியதில் இரண்டு உள்ளங்கைகளும் வெந்தன.

மருத்துவமனைக்குப் பார்க்கப் போன ரூனேயிடம் ஹால்வார் முதலில் கேட்டது புளோயரைப் பற்றித்தானாம். "குன்வோர்கிட்ட கேட்டுட்டு வா, நான் எங்க தப்புப் பண்ணேன்னு."

கேட்டுவிட்டார் அல்லவா. அன்றே பேருந்து ஏறிப் போய், கட்டுப் போட்ட அந்தக் கைகளின் அருகே உட்கார்ந்து, கம்பிகளையும் அம்பையும் பற்றி முறையாக விளக்கினேன். உங்களுக்குச் சொல்லி அனுப்பியது அவர்தான் என்று நினைக்கிறேன். நல்லதுதான், ஒழுங்கான நடைமுறை.

இவை அனைத்தையும் செய்தவள் நான். ஆனால் ஹால்வாருக்குத் தீங்கு நேரும் என்று நான் கனவிலும் எண்ணவில்லை. இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். தீயை அவ்வளவு விரைவாக அணைத்தது யார் என்று ரூனேயைக் கேளுங்கள். பாட்டுத் தொடங்குவதற்கு முன்பே தீயணைப்பான் என் கையில் இருந்தது. அதன் பிடியைப் பூட்டிவைக்கும் ஊசியைப் பிடுங்கி, தொலையாதபடி என் மேலங்கிப் பையில் பத்திரமாகப் போட்டும் வைத்திருந்தேன்.