இன்னும் ஒரு ராடு

"படுங்க மாப்ள! படுங்க!"

கத்துவது நான்தான். வியாழக்கிழமை. இன்னும் விடியவில்லை. சித்திரை மாதம்தான், ஆனாலும் அந்த மலையில் பல் கிட்டுகிறது. முதலில் ஒரு விசில். நீளமாக வருகிறது. திடீரென்று நிற்கிறது. விசில் நின்றால் பக்கத்தில் குண்டு விழப்போகிறது என்று அர்த்தம். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. தரை எங்களைத் தூக்கிப் போடுகிறது. காதுக்குள் மண். வாய்க்குள் மண். நேற்று நிழலுக்கு உட்கார்ந்த அக்ரூட் மரம் பாதிதான் நிற்கிறது.

ஓடுகிறோம். மாப்பிள்ளை காலில் ஒற்றைச் செருப்பு. லுங்கி அவிழ்கிறது. பிடித்துக்கொண்டே ஓடுகிறார். மேட்டில் பஷீர் பாயின் வீடு. அதன் அடியில் கல்லால் கட்டிய மாட்டுக்கொட்டகை. பாய் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தியில் கத்துகிறார். சீக்கிரம், சீக்கிரம். உள்ளே விழுந்தோம். இரண்டு எருமை, பாயின் வீட்டம்மா, நாங்கள் இரண்டு பேர். இரண்டாவது விசில் வந்தது. எருமைகள் நின்றபடியே மூத்திரம் போயின. நானும்தான்.

யார் நாங்கள் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் துரைசாமி. அந்தியூருக்குப் பக்கம். எங்கள் அப்பா அடுத்தவர் காட்டில் ஏர் பிடித்தார். நான் ஸ்டியரிங் பிடித்தேன். மாப்பிள்ளை என்கிறேனே, அவர் குமரேசன், என் தங்கை சரசுவின் புருசன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். அந்த ரிக்குக்குப் பின்னாலேயே போகும் லாரி என்னுடையது. ராடு, டீசல், அரிசி மூட்டை எல்லாம் அதில்தான். திருச்செங்கோட்டு ரிக் போகாத மாநிலம் கிடையாது. கடைசியில் ஜம்முவுக்கும் மேலே, எல்லையைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு மலையூருக்கும் போனோம். பாயின் வீட்டம்மா பள்ளத்து ஊற்றிலிருந்து தண்ணீர் சுமக்கிறவர். அவருக்காகத்தான் அந்தக் குழி.

புறப்படும்போது சரசு வண்டியை மறித்தாள். அத்தனை தூரம் எதுக்குங்கண்ணா என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "உம்பட ஊட்டுக்காரரை ஊட்டு வாசல்ல கொண்டாந்து எறக்கிப்போட்டுத்தான் அம்மணி நான் எம்பட ஊட்டுக்கே போவேன்." வாய்ச்சவடால். எனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி.

கொட்டகையில் கிடந்தோம். வியாழன். வெள்ளி. குண்டு விழாத நேரத்தில் ட்ரோன் சத்தம். தலைக்கு மேல் மொபெட் ஓட்டுகிற மாதிரி. ரிக்கில் எடுபிடி வேலைக்கு எங்களோடு வந்த சத்தீஸ்கர் ஆட்கள் முதல் நாளே ஏதோ வேனில் தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புத்திசாலிகள். நாங்களும் போயிருக்கலாம். லாரியில் டீசல் இருந்தது. ரோடும் இருந்தது.

போகவிடாமல் பிடித்தது ராடு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ராடு என்பது நீள இரும்புக் குழாய்; குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து இறக்குவோம். அடி நுனியில் ஹாமர். பாறையை உடைக்கும் இரும்பு. மேலேயிருந்து கம்பிரசர் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். காற்று நின்றால் மண் சரிந்து ஹாமரைக் கவ்விக்கொள்ளும். அதனால் ராடு குழிக்குள் இருக்கும்போது டிரில்லர் ரிக்கை விட்டுப் போகமாட்டார். மழையா, காய்ச்சலா, பெற்றவள் செத்தாளா, ராடை உருவிப் போட்டுவிட்டுத்தான் போவார். ஹாமரைக் குழிக்குள் விட்டுவிட்டு வந்த டிரில்லரை எங்கள் பக்கம் ஒரு மாதிரி பார்ப்பார்கள். குமரேசன் ஒரு தடவைகூட விட்டதில்லை. அதில் அவருக்கு அவ்வளவு கர்வம்.

குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. இவர் எருமைக் காலடியில் படுத்துக்கொண்டு சொல்கிறார். "மச்சா, ராடு அத்தனையும் உள்ளயே கெடக்குதுங்க."

"உசுரு கெடக்குதுங்களான்னு மொதல்ல பாருங்க" என்றேன். சிரித்தார். கொட்டகை முழுக்கச் சாணி நாற்றம், இந்த மனிதர் சிரிக்கிறார்.

சனிக்கிழமை பிற்பகல். சத்தம் குறைகிறது. நிற்கிறது. மாலையாகும்போது என் செல்போனில் சிக்னல் வருகிறது. உடனே அடிக்கிறது. சரசு.

"அண்ணா! சண்டை நின்னுபோச்சுங்கண்ணா! ரெண்டு நாடும் ஒத்துக்கிச்சாம். டிவில ஓடுது. இங்க பட்டாசு வெடிக்கறாங்க, கேளுங்க!"

போனை வாசலுக்கு நீட்டியிருக்கிறாள். பட்பட்டென்று வெடிக்கிறது. குமரேசன் சட்டென்று தலையைக் குனிந்தார். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு போனை வாங்கினார்.

"ராடை உருவிப்போட்டு இப்பவே கெளம்பிர்றோம் அம்மணி. வாரேன்."

"ஆகட்டுங்க. வேலையை முடிச்சுப்போட்டே வாங்க. இனி என்னங்க பயம்?"

அவள் சொன்னது எனக்கும் கேட்டது. ஸ்பீக்கரில்தான் இருந்தது.

பஷீர் பாய் வழியை மறித்தார். நாளைக்குக் காலையில் என்றார். இன்றைக்கு வேண்டாம். கையெடுத்துக் கும்பிடாத குறை. அந்த மனுசன் பிறந்ததிலிருந்து இந்த இரண்டு நாட்டுச் சண்டைக்கு நடுவில் இருக்கிறார். எத்தனை சமாதானம் பார்த்திருப்பார். சமாதானத்தின் முதல் ராத்திரியை அந்த ஊரில் யாரும் நம்புவதில்லை. வெளியே ஒரு ஆள் இல்லை. ஒரு விளக்கு இல்லை. அதையாவது நாங்கள் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் ஈரோட்டுப் பக்கத்து ஆட்கள். டிவியில் போட்டால் முடிந்தது என்று நினைக்கிறவர்கள். "டிவில சொல்லிட்டாங்க பாய்" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனோம்.

ரிக் ஸ்டார்ட் ஆனது. கம்பிரசர் பிடித்தது. அந்தச் சத்தத்தை அறியாதவர்களுக்கு எப்படிச் சொல்ல? பக்கத்தில் நிற்கிறவர் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஊரில் நாங்கள் குழி போட்டால் மூன்று காடு தள்ளி இருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஹாமர் இறுகியிருந்தது. குமரேசன் லீவரை ஆட்டுகிறார். காற்றை விடுகிறார். நிறுத்துகிறார். விடுகிறார். குழந்தையைத் தட்டி எழுப்புகிற பொறுமை. அசைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து இரண்டு புருவத்தையும் தூக்கினார். பெருமை.

ஒவ்வொரு ராடாக வருகிறது. அவர் கழற்றுகிறார். நான் லாரிக்கு இழுக்கிறேன். வெளிச்சம் இறங்குகிறது. மலைக்குப் பின்னால் சிவப்பு. லாரிக்கு அந்தப் பக்கம் நின்று ராடுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்து பார்க்கிறேன்.

மேட்டு விளிம்பில் பஷீர் பாய். இரண்டு கையையும் வீசுகிறார். வாய் திறந்து மூடுகிறது. ஒரு எழுத்து கேட்கவில்லை.

"மாப்ள! ஓடியாங்க! மாப்ள!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் முதுகு தெரிகிறது. ஸ்பேனரை எடுத்து வீசினேன். தோளில் பட்டது. திரும்பினார். என்னைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது.

ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

இன்னும் ஒரு ராடு. அதன் நுனியில்தான் ஹாமர்.

விசில் கேட்கவில்லை. அதைக் கம்பிரசர் தின்றுவிட்டது. வெளிச்சம்தான் பார்த்தேன். லாரி என் மேல் சாய்ந்து நின்றது. கம்பிரசர் நின்றுபோயிருந்தது. அப்போதுதான் பாயின் குரல் கேட்டது. இன்னும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார். வாங்க, வாங்க, மேலே வாங்க.

அடுத்த நாள் அந்த மலையில் குருவி கத்தியது. சமாதானம் வந்துவிட்டது.

மாப்பிள்ளையை வைத்த பெட்டியோடு கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் இறங்கினேன். ஆம்புலன்ஸ் டிரைவர் அவிநாசியில் டீக்கு நிறுத்தினார். கடை டிவியில் அதே செய்தி. சண்டை நின்றது, எல்லை அமைதியாக இருக்கிறது. டீ குடிக்கிறவர்கள் நல்லதாப் போச்சு என்றார்கள். நல்லதுதான். இல்லை என்று நான் சொல்லமாட்டேன். டீயை வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

எடுக்கிற நேரம். எங்கள் பக்கம் சாவுக்கு வெடி போடுவார்கள். எனக்கு மறந்துபோயிருந்தது. முதல் வெடி. நான் ஆம்புலன்சுக்கு அடியில் கிடக்கிறேன். "படுங்க! எல்லாரும் படுங்க!" கத்துகிறேன். ஊரே பார்க்கிறது. யாரோ என் காலைப் பிடித்து இழுக்கிறார்கள். சரசு அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அப்புறம் அவளே எழுந்து போய், வெடிக்காரர் கையிலிருந்த திரியைப் பிடுங்கி மண்ணில் போட்டு மிதித்தாள்.

கருமாதி முடிந்து ஒரு நாள் கேட்டாள். "நாந்தானுங்கண்ணா சொன்னேன்? முடிச்சுப்போட்டே வாங்கன்னு?"

"டிவி சொல்லுச்சு கண்ணு."

"டிவி அவர்கிட்டப் பேசலீங்களே. நாந்தானே பேசுனேன்."

எனக்கு அவள் மேல் கோபமில்லை. சுட்டவன் முகம் எனக்குத் தெரியாது. குமரேசன் மேல்தான் கோபம். அந்த ஒரு விரல் மேல். படுத்தால் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது, எரிச்சலாக இருக்கிறது. ஓடி வந்திருந்தால் என்ன, ஹாமரை விட்டவன் என்று நாலு பேர் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டுமே. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன்.

குண்டு விழுந்து செத்தவர்களின் அரசாங்கப் பட்டியலில் குமரேசன் பெயரும் இருக்க வேண்டும் என்று ஒரு அலுவலகத்துக்குப் போனேன். சரசு கேட்டது அது ஒன்றுதான். அங்கே இருந்தவர் நம்ம பக்கத்து ஆள். தங்கமான மனுசன். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங்க, அந்த நேரத்துலதான் சண்டையே இல்லீங்களே. நின்னுபோச்சுங்களே."

மறுபடி போனேன். அதே மரியாதை, அதே டீ, அதே பதில். இரண்டு நாட்டுக்கும் இனிமேல் என்ன ஆகுமோ எனக்குத் தெரியாது. பேசுகிறார்கள், பேசப்போகிறார்கள் என்று செய்தி வரும். சரசு எழுந்து உள்ளே போய்விடுவாள். பஷீர் பாய் எப்போதாவது போன் போடுகிறார். குழியின் வாயைக் கல் வைத்து மூடிவிட்டாராம். வீட்டம்மா மறுபடி ஊற்றுக்குத்தான் போகிறாராம். சண்டை இல்லைதானே என்று கேட்டால், இன்றைக்கு இல்லை என்கிறார்.

யார் கணக்கிலும் இல்லாததால் நானே சொல்கிறேன். சண்டை நின்ற பிறகு, அந்தச் சனிக்கிழமை அந்தி நேரத்தில், அந்த ஊரில் போனவை இவை. பஷீர் பாயின் எருமை ஒன்று. அக்ரூட் மரத்தின் மிச்சப் பாதி. பாயின் வீட்டம்மாவோடு ஊற்றுக்குப் போகிற கீழ்வீட்டுப் பெண் ஒருவர். அவர் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. ஒரு ரிக். ஒரு ஹாமர். குழிக்குள் விழுந்துவிட்ட கடைசி ராடு.

குமரேசன். டிரில்லர். அந்தியூர்க்காரர். வீட்டு வாசலில்தான் இறக்கினேன்.