பதினெட்டுப் பல்லா, இருபத்து நான்கு பல்லா?

தன் உப்பளத்தின் ஒரு பாத்தியை உலரவிட்டு, அதில் எங்கள் ரிமோட் கார்களை உலவவிட்ட பெருமனத்துக்குரிய தலைவர், நூஹு ஹாஜியார் அவர்களே! அஸர் தொழுத கையோடு வந்து முன்வரிசைக் கதிரைகளை நிறைத்திருக்கும் மாம்புரிப் பெரியவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே! அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! சிலாபத்திலிருந்து வந்து, இன்றைய பரிசளிப்பில் எங்கள் கண்முன்னே கோப்பையை வாங்கி, இன்னும் மடியிலேயே வைத்திருக்கும் வெற்றியாளர்களே! ரிமோட் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல்களே! உங்கள் எல்லோர் மீதும் சாந்தி பொழியட்டும். என் வணக்கமும் கூடவே வந்து சேரட்டும்.

எனக்குத் தந்த வேலை நன்றியுரை. ஐந்து நிமிடம். நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருக்கிறார்கள்: ஸக்கியா, கழகச் செயலாளர்.

நன்றி சொல்வேன். அதற்கு முன் ஓர் உண்மை. மூன்று கிழமையாக அதை வாய்க்குள் வைத்திருக்கிறேன். இன்று சொல்லாவிட்டால் நாளை அதன்மேல் தண்ணீர் ஏறிவிடும்.

ஏன் நாளை? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாளை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் மதகுப் பலகையைத் தூக்கப்போகிறார். நாங்கள் கார் ஓட்டும் பாத்திக்குள் களப்பு நீர் வரும். பிறகு உப்பு விளையும். கார் ஓடாது. அவருக்கு எங்கள்மேல் கோபமா? இல்லை. இரக்கம். போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு என்னிடம் சொன்னார்: "இந்த உப்புத் தர உங்கட மோட்டாரத் திங்கிது மகள். பாடுபட்டுச் செஞ்ச சாமான் கண்ணுக்கு முன்னால எரியிறத எனக்குப் பாத்துக்கொண்டிரிக்க ஏலா. வேற நல்ல தர தேடிக்கொள்ளுங்க."

வேறு நல்ல தரை! எங்கே இருக்கிறது? தென்னந்தோப்பில் வேர். மிளகாய்த் தோட்டத்தில் வரம்பு. கடற்கரையில் மணல். தெருவில் லொறி. நாற்பது மீற்றர் நீளத்துக்கு நேராக, இறுகி, மட்டமாக, வெள்ளையாகக் கிடக்கும் தரை எங்களுக்கு வேறு எது?

ஆகவே இந்தச் சபையில் கேட்கிறேன். அன்று இறுதிப் போட்டியில் எங்கள் மோட்டாரைத் தின்றது எது? உப்பா? உண்மையிலேயே உப்புத்தானா?

கொஞ்சம் பல்லுக்கணக்குப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பல்கலைக்கழகத்தில் படித்தது மெய்யியல். பல்லுச்சக்கரம் படித்தது இந்தப் பாத்தியில்.

எங்கள் கார் ஒரு முழம். அதன் மோட்டார் முனையில் ஒரு சின்னப் பல்லுச்சக்கரம். அது எழுபத்திரண்டு பல் உள்ள ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்றும். சின்னதற்குப் பதினெட்டுப் பல் என்றால், மோட்டார் நான்கு முறை சுற்ற, பெரியது ஒருமுறை சுற்றும். சின்னதற்கு இருபத்து நான்கு பல் என்றால் மூன்றே முறை போதும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பல் கூடினால் உச்ச வேகம் கூடும். ஆனால் மோட்டாருக்குச் சுமையும் கூடும். வளைவிலிருந்து எழும்ப முனகும். அந்த உச்ச வேகத்தை எட்டுவதற்குள் நேர்ப்பாதை முடிந்துவிடும். நாற்பது மீற்றர்தானே!

மர்ளியா சாச்சி கையைத் தூக்குகிறார். என்ன சாச்சி? "கியர் சைக்கிள் மாதிரியா புள்ள?" அச்சொட்டாக அதேதான் சாச்சி! ஏற்றத்தில் பாரமான கியரைப் போட்டு மிதித்தால் முழங்கால் முறையிடும். மோட்டாருக்கு முழங்கால் இல்லை. அது சூட்டால் முறையிடும்.

இன்னொன்று இருக்கிறது. மோட்டாரின் பின்மூடியில் ஒரு வளையம். அதைத் திருப்பினால் டைமிங் ஏறும். மின்சாரம் சுருளுக்கு ஒரு கணம் முந்திப் போய்ச் சேரும். சுழற்சி கூடும். சூடும் கூடும். ஓட்டம் முடிந்ததும் மோட்டாரில் விரல் வைப்போம். பிஸ்மில்லாஹ் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை விரல் தாங்கினால் நலம். தாங்காவிட்டால் பல்லைக் குறை, அல்லது டைமிங்கை இறக்கு. ஒன்றை ஏற்றினால் மற்றதை இறக்கு. இரண்டையும் ஏற்றாதே. இவ்வளவுதான் எங்கள் வித்தை. இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் நான் அன்று பிழை செய்தேன்.

இறுதிப் போட்டி நாள். காலையில் பதினெட்டுப் பல். டைமிங் முப்பது பாகை. எங்கள் ஓட்டுநர் ஹுனைஸ் இருபது சுற்று ஓடினார். மோட்டார் இளஞ்சூடு. மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் காற்று பிடித்தது. நேர்ப்பாதைக்கு நேர் எதிரே, தள்ளுகிற காற்று. போட் எஞ்சின் திருத்துகிற இன்னாசித்தம்பி அண்ணன், நாங்கள் கார் பூட்டும் கொட்டிலுக்குள் வந்தார். அதோ, பின்னால் நிற்கிறார், கதிரை கொடுத்தும் இருக்காமல். அவர் சொன்னார்: "தங்கச்சி, எதிர்காத்து. ஒரு பல்லுக் கொறச்சுப் போடுங்க. பாரமேத்தின போட்ட எதிர்காத்துல முழுசாப் புடிச்சா எஞ்சின் என்ன பாடுபடும்? அதுதான் இதுவும்."

சரியான சொல். பதினேழு பல் சக்கரத்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது ஹாஜியார் வந்தார். வெறுங்கையோடா? ஒரு குலை தெம்பிலி இளநீரோடு! எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். குடித்தோம், குளிர்ந்தோம். பிறகு எங்கள் பல்லுப் பெட்டியை எட்டிப் பார்த்தார். இருப்பதிலேயே பெரியதைத் தூக்கினார். இருபத்து நான்கு.

"என்னத்துக்கு மகள் இந்தச் சின்னத்தப் போட்டுக் கஷ்டப்படுறீங்க? இதப் போடுங்க. பெரிசு. சிலாபத்தாருக்குக் காட்டுவம்."

ஹுனைஸ் என்னைப் பார்த்தார். இன்னாசித்தம்பி அண்ணன் கூரையைப் பார்த்தார். நான் தெம்பிலிக் கோம்பையைப் பார்த்தேன். தரை தந்தவர். தாகம் தீர்த்தவர். அவர் நீட்டிய சக்கரத்தை வேண்டாம் என்று சொல்ல எந்த நாக்கு எழும்பும்?

"ஓம் ஹாஜியார்" என்றேன்.

ஹுனைஸ் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து காதோடு சொன்னார்: "ஸக்கியா, வளைவால எழும்புதில்ல. சாப்பிட்டுப் படுத்த மாடு மாதிரிக் கிடக்கு." அப்போதாவது மாற்றியிருக்கலாம். ஹாஜியார் பக்கத்தில் இருந்தார். சிரித்த முகம். என்னால் முடியவில்லை. பல்லைத் தொடாமல் வளையத்தைத் திருப்பினேன். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பாகை. இன்னாசித்தம்பி அண்ணன் தலையில் கை வைத்தது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் நின்றேன்.

பெரியோர்களே! பல்லை ஏற்றியது நான் மரியாதை என்று நினைத்த ஒன்று. டைமிங்கை ஏற்றியது எது? பயம். வெறும் பயம்.

ஆறாவது சுற்றுவரை முன்னால் ஓடினோம். நீங்கள் எல்லோரும் கத்தினீர்கள். ஏழாவது சுற்றில் ஒரு மணம். எட்டாவதில் புகை. நின்றுவிட்டது. கடந்து போன சிலாபத்துக் காரின் ஓட்டுநர் "அனே, பவ்!" என்று எங்களுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே எங்களை வென்றார். மறுக்காதீர்கள் நண்பரே, கேட்டது!

எல்லோருக்கும் முந்தி ஓடி வந்தவர் ஹாஜியார். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "என்ன மகள் நடந்த?"

நான் சொன்னேன்: "உப்பு ஹாஜியார். உப்புத் தூள் உள்ளுக்குப் போயிட்டு."

ஏன் உப்பைச் சொன்னேன்? உப்புக்கு வாய் இல்லை. அது மறுத்துப் பேசாது. அவர் அந்த வெள்ளைத் தரையைப் பார்த்தார். நாற்பது வருடம் அதில் வேலை செய்தவர். அந்த முகத்தை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் திருத்தவில்லை.

மறுநாள் மோட்டாரைக் கழற்றினோம். செம்புக் கம்பிகள் கரி. உப்பு? இன்னாசித்தம்பி அண்ணன் உள்ளே விரலால் தடவி நாக்கில் வைத்தே பார்த்தார். "கசக்குது தங்கச்சி. கரிக்கயில்ல." ஒரு துகள் உப்பு அதில் இல்லை. எரித்தது இருபத்து நான்கு பல். எரித்தது நாற்பத்தைந்து பாகை. எரித்தது என் வாய்.

மரியாதை என்றால் என்ன? தலையாட்டுவதா? தரை தந்த மனிதருக்கு நாம் திருப்பித் தரக்கூடியது என்ன? பொய்யா? அவர் அன்போடு தெரியாததைச் சொல்லலாம். அது அவர் அன்பு. தெரிந்ததை நான் சொல்லாமல் விடலாமா? அது எந்த அன்பு? வாய் மூடி நின்று ஒரு மோட்டாரை எரித்தேன். வாய் திறந்து ஒரு பொய்யால் இந்தப் பாத்தியையே இழக்கப்போகிறேன். இந்தத் தரையில் ஓடக் காத்திருக்கும் இத்தனை பேரின் ஓட்டத்தை என் ஒரு பொய் நிறுத்தலாமா? நிறுத்தவிடலாமா?

ஹாஜியார் ஏதோ சொல்கிறார். அவரிடம் மைக் இல்லை. சபைக்குத் திருப்பிச் சொல்கிறேன். "அப்ப என்ட பேச்சக் கேட்டா மோட்டார் பத்தின?"

ஓம் ஹாஜியார். பாதி உங்கள் பேச்சு. பாதி என் புத்தி.

சிரிக்காதீர்கள், பின்வரிசை! அவர் எழும்பிவிட்டார்.

"உப்புல பிழ இல்லையா?" என்று கேட்கிறார். இல்லை ஹாஜியார். துளியும் இல்லை.

"மூணு கிழமையா நான் என்ட உப்ப நானே ஏசிக்கொண்டு திரிஞ்சன். நாப்பது வருசத்துல என்ட உப்புல ஒருத்தன் கொற சொன்னதில்ல. மொதல்ல சொன்னது நீதான்."

மன்னியுங்கள் ஹாஜியார். அதைத் திருப்பி எடுக்கத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

இன்னும் கேட்கிறார். இதையும் சொல்கிறேன், ஒளிக்க மாட்டேன். "அப்ப அடுத்த போட்டிக்கு நான் கொட்டிலுக்குள்ள வரலாமா, வரப்படாதா?"

சபையோரே, எனக்கு உதவுங்கள். ஊரில் யார் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. வாங்க, தாராளமாக வாங்க. அது என் நாக்கு நுனியில் வந்துவிட்டது.

ஓட்டம் முடியும்வரைக்கும் வராதீங்க ஹாஜியார். முடிஞ்ச பிறகு வாங்க.

மைக் வேலை செய்கிறதா?

அவர் சிரிக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், சிரிக்கிறார்! கதிரையில் இருந்துவிட்டார். உப்பள மேற்பார்வையாளர் றஸ்மியைக் கூப்பிடுகிறார். "றஸ்மி! நாளைக்குப் பலகையில கை வெக்காத. அது அப்பிடியே கிடக்கட்டும்."

தட்டுங்கள் கைகளை! இப்போது தட்டாமல் எப்போது?

சரி. நன்றியுரை. தரைக்கு நன்றி ஹாஜியார், இம்முறை பொய் கலக்காமல். கேட்காத காதுக்கும் சொல்லிப் பார்த்த இன்னாசித்தம்பி அண்ணனுக்கு நன்றி. சிலாபத்து நண்பர்களே, உங்களுக்கும் நன்றி. கோப்பையை நன்றாகத் துடைத்து வையுங்கள், அடுத்த மாதம் வாங்கிக்கொள்ள வருகிறோம். நின்றும் இருந்தும் கேட்ட எல்லோருக்கும் என் சலாம், என் வணக்கம். அமைதி உங்களோடு வீடுவரைக்கும் நடந்து வரட்டும்.