பிறகு காட்டப்படாத தாய்

அந்தத் தொடர் செவ்வாய்க்கிழமைகளில் வந்ததா, புதன்கிழமைகளில் வந்ததா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. சிஞ்ஞோரா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். மற்றதையும் நினைவில் இருக்கிறபடிதான் சொல்கிறேன். எங்காவது முன்பின்னாக வந்தால் அது மறதி. மறைக்க இனி ஒன்றும் இல்லை.

இந்த இத்தாலிய நகரத்தில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் சிஞ்ஞோராவின் வீடு; வேலை செய்யும் வீட்டு அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவரைக் குளிப்பாட்டுவது, சமைத்துக் கொடுப்பது, மருந்து போட்டு விடுவது என் வேலை. பின்னேரங்களில் இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்போம். அவர் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். என் வீட்டில் கிடைக்காத அமைதி அது.

தொடர், நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் இருந்த ஒரு கலைப்பள்ளியைப் பற்றியது. பூவேலை எதுவும் இல்லாத வெள்ளைக் கட்டிடங்கள், இரும்புக் குழாயை வளைத்துச் செய்த கதிரைகள். தகப்பனை மீறி ஓர் இளம்பெண் அங்கே படிக்கப் போகிறாள். வழியனுப்பத் தாய் மட்டும் வருகிறாள். ரயில் நகர்ந்த பிறகுதான், மகள் மறந்துபோன கையுறை ஒன்று தன் கையில் இருப்பதை அந்தத் தாய் பார்க்கிறாள். கொஞ்ச நேரம் அப்படியே மேடையில் நிற்கிறாள்.

அதற்குப் பிறகு அவளைக் காட்டவேயில்லை. நான் ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தலைமயிரை ஒட்ட வெட்டினாள், பட்டம் விட்டாள், ஆசிரியர்களோடு வாதாடினாள். பள்ளி ஊர் மாறியது. சீருடைக்காரர் வந்து அதைப் பூட்டினார்கள். கடைசிப் பகுதியில், ஒவ்வொருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்று வெள்ளை எழுத்தில் போட்டார்கள். ஒருவர் அமெரிக்காவில் புகழ் பெற்றார். ஒருத்தி முகாமில் இறந்தாள். தாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"அந்தத் தாய் என்ன ஆனாள், சிஞ்ஞோரா?" என்று கேட்டேன்.

"எந்தத் தாய்?" என்றார் அவர்.

நானும் ஊரில் என் தாயை அப்படி நிற்க விட்டு வந்தவள்தான். அவவுக்கும் பிறகு வரி எதுவும் இல்லை.

வீட்டில் இதைச் சொன்னது என் பிழை. என் மகள் நிரோசினி தொடர் முழுவதையும் இரண்டு நாளில் மடிக்கணினியில் பார்த்து முடித்தாள். பல்லாரோ சந்தைக்குப் பின்னால் உள்ள எங்கள் வீட்டில் சுவரெல்லாம் கதிரைப் படங்களாயிற்று. அவள் முன்பிருந்தே நன்றாக வரைவாள்.

"அங்கை பெட்டையளை எல்லாம் தறியிலைதான் இருத்தினவையாம், அம்மா. கட்டிடம் படிக்க வந்தவளுக்கும் நூலைக் குடுத்து இருத்திப்போட்டினம்."

"பிறகேன் நீ அங்கை போகப்போறன் எண்டு நிக்கிறாய்?"

"அது அந்தக் காலம். இப்ப அந்த மாதிரிப் பள்ளியளிலை ஆரும் எதையும் படிக்கலாம். நான் கதிரை செய்யப்போறன்."

என் கணவர் விக்னராஜா சியாகுல்லியில் மாண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்கிறார். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னார்: "கதிரைக்கோ ஜெர்மனிக்குப் போறாய்? நாளைக்குச் சந்தையிலை நாலு வாங்கித்தாறன், இருந்து பார்."

"ஊஃபா, அப்பா. உங்களுக்குப் பகிடி."

"பகிடி இல்லை, பிள்ளை. முதுகு சாயிற கதிரையா வாங்கித்தாறன்."

மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பது நன்றாக நினைவில் இருக்கிறது. மூத்தவன் விதுரன் லண்டனுக்குப் போனபோதும் நாங்கள் இப்படித்தான் சிரித்தோம். முதலில் அவன் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். பிறகு நான்தான் எடுத்தேன். "வேலையிலை நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்பான்.

ஒலிவ் பூக்கும் காலத்தில் நிரோசினிக்குக் கண் கடிக்கும், சிவக்கும். சின்ன வயதிலிருந்தே உள்ள ஒவ்வாமை. இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்கள் இதற்கெல்லாம் டாக்டரிடம் போவதில்லை. வேலை செய்யும் வீடுகளில் மிஞ்சிய மருந்து எல்லாருடைய குளிர்பெட்டியிலும் இருக்கும். ஒருத்திக்கு இருமல் என்றால் மற்றவளின் சிஞ்ஞோராவுடைய பாணி வரும். யாரும் யாரையும் கேட்பதில்லை. சிஞ்ஞோராவுக்குக் கண்ணில் புரை வெட்டியபோது கொடுத்த துளிமருந்தில் மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுவந்தேன்.

அது நல்ல மருந்து. அடுத்த நாளே சிவப்புப் போய்விட்டது. காலையில் அவளாகவே வந்து என் மடியில் தலை வைத்துப் படுப்பாள். "அந்தத் துளியைப் போட்டு விடுங்கோ அம்மா, மற்றது சரிவராது." தொடைமேல் அவள் தலையின் பாரம் எனக்குப் பிடித்திருந்தது. அவள் பெரியவளான பிறகு அப்படி வந்து படுத்ததே இல்லை.

கோடையில் ஜெர்மனியிலிருந்து இடம் கிடைத்த செய்தி வந்தது. ஒவ்வாமைக் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் ஆப்பிரிக்க மணலோடு ஷிரோக்கோ காற்று அடித்தது, தூசி இருந்தது, கண் என்றால் எப்போதும் கொஞ்சம் கடிக்கும்தானே. நான் தொடர்ந்து போட்டேன். போத்தல் முடிந்தால் மருந்துக்கடையில் சிஞ்ஞோராவுக்கு என்று சொல்லி வாங்குவேன். அங்கே என்னை எல்லாருக்கும் தெரியும்.

வீசா, தங்குமிடம் என்று பயணம் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அவள் வரைந்த நீண்ட கோடு தாளை விட்டு மேசையில் ஏறிப் போனது. பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. பிறகு வாசற்படியின் ஓரத்தில் இடித்துக்கொண்டாள். பிறகு, பக்கவாட்டில் வருகிறவர்களைத் தெரியவில்லை என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். கைப்பையிலிருந்து சாதாரண ஒவ்வாமைத் துளியை எடுத்துக் காட்டினேன். அதை அன்று காலையில்தான் வாங்கியிருந்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, இந்த வயதில் இது அபூர்வம், பரம்பரையில் யாருக்கும் உண்டா என்றார்கள். இருக்கலாம் என்றேன். அழுத்தத்தைக் குறைக்க வேறு துளி கொடுத்தார்கள். அதையும் தவறாமல் போட்டேன். முதலில் அவர்களுடையது, பிறகு என்னுடையது.

நேர்த்தி வைத்து, இந்த நகரத்தைக் காக்கும் புனிதை ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரினோ மலையில் வெறுங்காலோடு ஏறினேன். ஒரு கையில் வெள்ளிக் கண்மலர், மறு கையில் நிரோசினி. போகுமுன் சிஞ்ஞோரா சொன்னார்: "கண்ணுக்கு சாந்தா லூச்சியா, குகனா. ரொசாலியா கொள்ளை நோய்க்கு."

"எங்கடை ஆக்களுக்கு எல்லா வருத்தத்துக்கும் ரொசாலியாதான், சிஞ்ஞோரா" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு இத்தாலியனில் சொன்னேன். அவர் சிரித்தார்.

உண்மையாகத்தான் வேண்டிக்கொண்டேன். மலையில் என் கால் கிழிந்தது. எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்து அழுதார்கள். இறங்கி வந்து, அடுத்த நாள் காலையில் துளியைப் போட்டேன்.

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் அந்த மருந்தை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன், சிஞ்ஞோராவின் கண் டாக்டர் அதை நிறுத்தச் சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், வலி தெரியாது, நரம்பு செத்துவிடும், செத்த நரம்பு திரும்பாது என்றார். என் இத்தாலியனில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் பொறுமையான மனிதர். சொல்லுக்குச் சொல் நிறுத்தி மறுபடியும் சொன்னார். எனக்கு விளங்கியது.

முதல் சில வாரம் கண் கடிக்குத்தான் போட்டேன். இடம் கிடைத்த செய்திக்குப் பிறகு போட்டது அதற்காக அல்ல. கொஞ்சம் மங்கினால் போதும், பயணம் நின்றுவிடும், பிறகு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் பாதிப் பார்வையோடும் போகிறேன் என்றாள். கதிரையைத் தடவிப் பார்த்தே செய்யலாம் என்றாள். அவளுக்குத் தகப்பனின் பிடிவாதம்.

அந்தத் தொடரில் போட்டதுபோல நானும் சொல்லிவிடுகிறேன்.

சிஞ்ஞோரா சென்ற குளிர்காலத்தில் தூக்கத்தில் இறந்தார். அவருடைய பிள்ளைகள் தொலைக்காட்சியை எனக்குத் தந்தார்கள். விதுரன் தங்கச்சிக்காக ஒருமுறை வந்தான். ஒரு கிழமை நின்றான், அழுதான், போய்விட்டான். விக்னராஜா சியாகுல்லியில் வேலை செய்கிறார். அவர் பகிடி விடுவதில்லை. வாங்கி வந்த கதிரையைச் சன்னலோரம் போட்டிருக்கிறார்.

நிரோசினி அதில் இருக்கிறாள். அவளுக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். வெளியே போனால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். சந்தையில் எல்லாரும் வழி விடுவார்கள். துளியை நிறுத்திவிட்டேன். அவளும் கேட்பதில்லை. என் மடியில் வந்து படுப்பதும் இல்லை.

பொழுது போகட்டும் என்று ஒரு சின்னத் தறியும் நல்ல கம்பளி நூலும் வாங்கிக் கொடுத்தேன். கண் இல்லாமலும் செய்யக்கூடிய வேலை. விரலால் ஒருமுறை அதைத் தடவிப் பார்த்தாள். அது என்ன என்று தெரிந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இதுவரை தொடவில்லை.

நான் அவளை ஒருநாளும் போகவேண்டாம் என்று சொன்னதில்லை.